இரண்டு ஏக்கர் குடும்பம்: விற்கிற நாள் யார் கையில் இருக்கிறது?

கிழக்குக்காடு (மேலூர்)

எல்லோருக்கும் வணக்கம். மேலூருக்குக் கிழக்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் சொச்சம். ஒரு ஏக்கர் கண்மாய்ப் பாசன வயல், அரை ஏக்கரில் பொங்கல் கரும்பு, மீதியில் தீவனப் புல், வீடு, மாட்டுக்கொட்டம். கறவை மாடு இரண்டு, கொஞ்சம் வெள்ளாடு, கோழி. வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டப் போவார். காடுகரை, மாடு, கணக்கு எல்லாம் பெரும்பாலும் என் பொறுப்பு.

சில வருஷத்துக் கணக்கு நோட்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். விளைச்சல் குறைந்து நாங்கள் அடிபட்டது கொஞ்சம்தான். பணம் வேண்டிய நாளும் சரக்குக்கு விலை இல்லாத நாளும் ஒன்றாக வந்தபோதெல்லாம் பெரிய அடி விழுந்திருக்கிறது.

ஆனியில் பள்ளிக்கூடக் கட்டணம். வாசலுக்கு வந்த வியாபாரியிடம் கிடாய்க்குட்டிகளைப் பிடித்துக் கொடுத்தோம். அதே குட்டிகள் தீபாவளி வரை நின்றிருந்தால் எடையும் ஏறியிருக்கும், விலையும் ஏறியிருக்கும். ஐப்பசியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். கரும்பை வயலோடு பேசித் தரகரிடம் அச்சாரம் வாங்கினோம். மார்கழிக் கடைசியில் கட்டு என்ன விலைக்குப் போனது என்று பார்த்தபோது மனசு வலித்தது. தை அறுப்பில் மெஷின் வந்து நெல்லைக் கொட்டிவிட்டுப் போனது. காயப்போடக் களம் இல்லை, வானம் மூடிக்கொண்டது. வயலோரத்திலேயே ஈர நெல்லாகப் போட்டோம். மூட்டைக்கு இவ்வளவு என்று ஈரத்துக்குக் கழித்துத்தான் காசு வந்தது.

மூன்றிலும் வெள்ளாமை நன்றாகத்தான் இருந்தது. விற்கிற நாள் மட்டும் எங்கள் கையில் இல்லை. உங்கள் பக்கம் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? யோசனை மட்டும் இல்லை, நடைமுறையில் செய்து பார்த்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மடைவாய் (கள்ளந்திரி)

தங்கச்சி சொல்வது முழுக்கச் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அந்த நாள் கையைவிட்டுப் போவது விற்கும்போது இல்லை, நாற்றுப் பாவும்போதே.

வைகை ஆற்றுப் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை எங்களுக்கு இருபோகம், 45,000 ஏக்கர் பக்கம். உங்கள் மேலூர், அந்தப் பக்கம் திருமங்கலம் எல்லாம் ஒருபோகம், ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல். பெரியாற்றுத் தண்ணீர் 1895-லிருந்து இந்தப் பக்கம் வருகிறது. வைகை அணை 1959-ல் வந்தது, முழுக்கொள்ளளவு 71 அடி. அணையில் எவ்வளவு நிற்கிறது என்பதை வைத்துத்தான் திறப்பு. எங்களுக்கு ஜூனில், உங்களுக்கு செப்டம்பரில் என்பது வழக்கம். தள்ளிப்போகிற வருஷமும் உண்டு.

தண்ணீர் வந்த பிறகு எல்லோரும் ஒரே வாரத்தில் நாற்றுப் பாவுகிறோம், ஒரே வாரத்தில் நடுகிறோம், ஒரே வாரத்தில் அறுக்கிறோம். அப்போது அறுப்பு மெஷின் கிடைக்காது, கிடைத்தாலும் மணி வாடகை ஏறியிருக்கும். கொள்முதல் நிலையத்தில் மூட்டை அடுக்க இடம் இருக்காது. வியாபாரிக்கு இதெல்லாம் தெரியும்.

எங்கள் மடையில், அதாவது ஒரே மதகுத் தண்ணீர் பாய்கிற வயல்காரர்கள் சேர்ந்து, செய்தது இது. கிணறு உள்ள ஒருவர் நிலத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாற்றங்கால். வாய்க்காலில் தண்ணீர் வரும் முன்பே பாவிவிடுவோம். தண்ணீர் வந்ததும் நேராக நடவுதான். ரகமும் கோ 51 மாதிரி 105, 110 நாளில் வருவது. ஊர் அறுக்கிறதுக்கு முன்னால் எங்கள் மடை அறுத்துவிடும். மெஷின் கூப்பிட்ட நாளில் வருகிறது. கிணற்றுக்காரருக்கு அவர் பங்கு நாற்றுக்குச் செலவு கிடையாது, டீசலோ கூலியோ நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

ஒரு எச்சரிக்கை. நாலு பேர் மட்டும் முன்னால் அறுத்தால் ஊர்க் குருவி, மயில் எல்லாம் அந்த நாலு வயலில்தான் இறங்கும். மடை முழுக்கச் சேர்ந்தால்தான் இது சரிப்படும்.

மல்லித்தோட்டம் (உசிலம்பட்டி)

நெல்லும் ஆடும் காத்திருக்கும். பூ காத்திருக்காதே அக்கா.

விடியுமுன் பறித்த மொட்டு பொழுது ஏறுவதற்குள் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். பங்குனி, சித்திரையில் செடி முழுக்க மொட்டு. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாத விலைக்கு இறங்கும் நாள் உண்டு. மார்கழிப் பனியில் மொட்டே அபூர்வம். சில வருஷம் தை முகூர்த்தத்துக்குக் கிலோ 3,000, 4,000 என்று போகும். நம் கூடையில் அடி மட்டும்தான் நிரம்பியிருக்கும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு வந்தது. பெயருக்கு அது பெருமைதான், எனக்கும் சந்தோஷம்தான். காலை எட்டு மணிக்குக் கமிஷன் கடையில் சொல்கிற விலை அதனால் மாறுவதில்லை.

நாங்கள் செய்வது கவாத்தைப் பிரிப்பது. வழக்கமான கவாத்து நவம்பர் கடைசியில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுவது. எல்லாச் செடியையும் அப்படி ஒரே வாரத்தில் வெட்டினால் எல்லாம் ஒரே சமயத்தில் பூக்கும், ஊர்ப் பூவோடு நம் பூவும் போய் நிற்கும். அதனால் தோட்டத்தில் ஒரு பங்கைப் புரட்டாசியிலேயே வெட்டி உரம் வைத்துத் தண்ணீர் கட்டுகிறோம். அந்தப் பங்கு மார்கழி வாக்கில் கொஞ்சம் கொடுக்கும். கிலோக்கணக்கு குறைவுதான், ஆனால் அதில் ஒரு கிலோ, சித்திரையில் விற்கிற பத்துக் கிலோவுக்குச் சமம்.

இன்னொன்று, மொட்டுப்புழு. புழு உள்ளே போன மொட்டு வெள்ளையாக இருக்காது, ஊதா ஓடும். காம்போடு பிடித்துப் பிரித்தால் பச்சைப் புழு உள்ளே சுருண்டு கிடக்கும். அப்படி மொட்டைக் கூடையில் கலக்காமல் தனியாகப் பறித்து அழித்துவிட வேண்டும். வேப்பங்கொட்டைக் கரைசல் ஐந்து சதவீதம் முன்கூட்டியே அடித்தால் ஓரளவு கட்டுப்படும். ஊதா மொட்டு கலந்த கூடையைக் கடைக்காரர் கையால் கிளறிப் பார்த்துவிட்டால் முழுக் கூடைக்கும் விலை போய்விடும்.

அப்புறம், பூக்காசை நாங்கள் வீட்டுச் செலவுக்கு மட்டும்தான் எடுப்போம். மளிகை, பஸ், மருந்து. பெரிய செலவுக்கு அதை நம்புவதில்லை.

ஊர்திரும்பி

பெங்களூரில் வேலை. அலங்காநல்லூர் பக்கம் அப்பா வழியில் இரண்டு ஏக்கர் இருக்கிறது, அடுத்த வருஷம் குடும்பத்தோடு வந்துவிடலாம் என்று இருக்கிறோம். இந்த இழையைப் படித்தபின் ஒரு கேள்வி. கையில் எவ்வளவு பணம் இருந்தால் இந்த நெருக்கடி வராது?

கிழக்குக்காடு (மேலூர்)

வாங்க தம்பி. தொகை சொல்வது கஷ்டம், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். என் நோட்டில் பார்த்தவரைக்கும், ஒரு வெள்ளாமைச் செலவும் ஆறு மாத வீட்டுச் செலவும் தனியாக நின்றால் யாரும் உங்களை அவசரப்படுத்த முடியாது. பெங்களூரிலிருந்து வரும்போது அந்தப் பணத்தைப் போர் போடுவதிலும் வேலி கட்டுவதிலும் முடக்கிவிடாதீர்கள். முதல் வருஷம் இருக்கிற கிணற்றை வைத்தே ஓட்டிப் பாருங்கள்.

வருவதற்கு முன் பட்டா கூட்டுப் பட்டாவா தனிப் பட்டாவா என்று பார்த்துவிடுங்கள். கூட்டுப் பட்டாவில் பங்காளிகள் பெயர் இருந்தால், உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்காமல் மானியம், பயிர்க்கடன் எல்லாம் இழுக்கும். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர் 100 சதவீத மானியம், அதற்குத் தாசில்தார் கொடுக்கும் சான்று வேண்டும். பாதை எப்படி இருக்கிறது என்றும் நேரில் நடந்து பாருங்கள். வரைபடத்தில் உள்ள வண்டிப்பாதை தரையில் இல்லாமல் போய், மெஷின் இறங்க முடியாமல் அறுப்பு நின்ற வயல் எங்கள் ஊரிலேயே இருக்கிறது.

ஆட்டுக்கொட்டம் (திருமங்கலம்)

மதினி, ஆட்டை வாசலில் வைத்து விற்காதீர்கள். முதல் விஷயம் அதுதான்.

வாசலில் கண்மதிப்புக்குத்தான் விலை. வீட்டில் ஒரு தொங்கு தராசு வாங்கி மாட்டுங்கள். குட்டியைச் சாக்கில் இறக்கித் தூக்கினால் உயிர் எடை தெரிந்துவிடும். எடை தெரிந்தவரிடம் வியாபாரி பேசுகிற பேச்சே வேறு. அப்புறம் திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஒருமுறை ஆடு இல்லாமல் சும்மா வந்து நில்லுங்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது இன்னும் நடக்கிறது, பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் எந்த எடைக்கு என்ன போகிறது என்று ஒரு காலைப்பொழுதில் பிடிபட்டுவிடும்.

இரண்டாவது, குட்டி பிறக்கிற மாதத்தைத் திட்டமிடுங்கள். ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். ஐப்பசியில் கிடாயோடு சேர்த்தால் பங்குனியில் குட்டி, அடுத்த தீபாவளிக்கு ஏழு மாதக் கிடாய். எங்கள் பக்கத்தில் விலை ஏறுகிற காலம் தீபாவளி, பக்ரீத், ஆடிக் கொடை, மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடுகிற நேரம். கிடாய் வருஷம் முழுக்க மந்தையோடு நின்றால் குட்டி எப்போது வேண்டுமானாலும் விழும், நாமும் எப்போது வேண்டுமானாலும் விற்க வேண்டி வரும். கிடாயைத் தனியாகக் கட்டுங்கள். ஆனிச் செலவுக்கு ஆட்டை எதிர்பார்க்கவே வேண்டாம், தைப்பணத்தில் ஒரு பங்கு அதற்கு ஒதுங்க வேண்டும்.

மூன்றாவது, ஆடு கையில் நிற்க வேண்டும் என்றால் உயிரோடு நிற்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. துள்ளுமாரிக்கு மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். மழை பெய்து இளம்புல் துளிர்த்ததும் பட்டியைத் திறந்துவிட்டால், நன்றாகக் கொழுத்த குட்டிதான் முதலில் துள்ளி விழும். இரண்டு ஊசியும் கால்நடை மருந்தகத்தில் போடுகிறார்கள். காத்திருந்து விற்கிற கணக்கெல்லாம் ஊசி போட்ட மந்தைக்குத்தான் பொருந்தும்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

திருமங்கலத்துக்காரர் சொன்னது அத்தனையும் சரி. மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஒவ்வொரு கோடையிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

மழை இல்லாமல் வாடி முழங்கால் உயரத்தில் நிற்கிற இளஞ்சோளம் விஷம். கயிற்றை அறுத்துக்கொண்டு போய் நாலு வாய் கடித்த மாடு கால்மணி நேரத்தில் மூச்சு வாங்கும், உடம்பு நடுங்கும், விழுந்துவிடும். உடனே கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு அழையுங்கள். நரம்பில் போடுகிற மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு கொடுத்தால் மாடு எழுந்துவிடும். பூ எடுத்த சோளத்தை அறுத்து உலரவிட்டுப் போட்டால் பயம் இல்லை. தீவனம் குறைவான மாதத்தில் பச்சையாக எது கிடைத்தாலும் அறுத்துப் போடும் அவசரம் வரும், அப்போதுதான் இது நடக்கிறது.

ஒரு கறவை மாடு போனால் அந்த வருஷம் நெல்லையும் கரும்பையும் விற்கிற நாள் உங்கள் கையில் இருக்காது. அதனால்தான் இந்த இழையில் எழுதுகிறேன்.

காயில் கட்டுபவன் (வாடிப்பட்டி)

அதே மாதிரிதான் மோட்டாரும். 1990-லிருந்து தமிழ்நாட்டில் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம். ஆனால் மோட்டார் கருகினால் காயில் கட்டுகிற செலவு, கழற்றி மாட்டுகிற கூலி, தண்ணீர் நிற்கிற நாட்களில் வாடுகிற பயிர் என்று எல்லாம் நம் தலையில்.

கடைக்கு வருகிற மோட்டாரில் பாதிக்கு மேல் ஒரே காரணம். மூன்று பேஸில் ஒன்று போயிருக்கும், மோட்டார் இரண்டில் உறுமிக்கொண்டே நின்று கருகியிருக்கும். ராத்திரி முறைக் கரண்டில் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டுத் தூங்கும்போது இது நடக்கும். ஸ்டார்ட்டர் பெட்டியில் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துகிற கருவி) இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். ஒரு பேஸ் பியூஸைப் பிடுங்கிவிட்டு ஓடவிட்டால் அது தானாக நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை என்றால் இருந்தும் பயன் இல்லை. பியூஸைத் தொடுவதற்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள், ஈரக் காலோடு பெட்டிப் பக்கம் போகாதீர்கள்.

இன்னொரு காரணம் பல்லி. மழைக்காலத்தில் சூடு தேடி ஸ்டார்ட்டருக்குள் போகும். இழுக்கிற பாயின்ட் இரண்டுக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும், பாயின்ட் முழுசாக ஒட்டாது, பொறி பறந்து வெள்ளிப் பூச்சு கரைந்துவிடும். வயர் நுழைகிற ஓட்டையை எல்லாம் அடைத்துவிட்டு இரண்டு அந்துருண்டையை உள்ளே போட்டு வையுங்கள். செலவு ஒரு டீக்காசு.

தென்னந்தோப்பு (சோழவந்தான்)

தென்னைக்காரன் ஒரு வார்த்தை. இலவசமாகக் காத்திருக்கிற சரக்கு தேங்காய். மரத்திலேயே நிற்கும், வெட்டிக் குவித்தாலும் நிற்கும், விலை இல்லை என்றால் கொப்பரையாக்கலாம். 2025-ல் விலை ஏறியபோது அவசரம் இல்லாதவர்கள் நன்றாகப் பார்த்தார்கள். முன்பணம் வாங்கித் தோப்பைக் குத்தகைக்கு விட்டவர்களுக்கு அந்த விலையில் ஒரு பைசா சேரவில்லை.

சுருள் வெள்ளை ஈ மட்டும்தான் எங்களுக்குத் தலைவலி. மட்டையில் கருப்பாகப் படிந்தால் பயந்து கண்ட மருந்தை அடிக்காதீர்கள். ஈயைத் தின்கிற ஒட்டுண்ணி செத்துவிடும். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, கருப்புக்கு மைதாப் பசைக் கரைசல், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி. இது போதும்.

கரிசல்காடு (பேரையூர்)

இங்கே வாய்க்காலும் இல்லை, கண்மாயும் நிறைவதில்லை. முழுக்க மானாவாரி. உங்களுக்கெல்லாம் எந்த நாள் விற்பது என்பது கேள்வி. எங்களுக்கு விற்க ஏதாவது மிஞ்சுமா என்பதே கேள்வி. இதைக் கோபமாகச் சொல்லவில்லை, மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

விதைத்த அன்றே மயில் வந்து சாலோடு கிளறித் தின்கிறது. வனவிலங்குச் சட்டத்தில் முதல் பட்டியலில் உள்ள பறவை, கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. விடியற்காலையும் சாயங்காலமும் ஆள் நின்று விரட்ட வேண்டியிருக்கிறது. பழைய சேலையைச் சுற்றிக் கட்டுகிறோம், ஜிகினா ரிப்பன் கட்டுகிறோம். கொஞ்ச நாளைக்குக் கேட்கும், அப்புறம் பழகிவிடும். மக்காச்சோளத்தில் 2018-லிருந்து படைப்புழு. கதிர் பால் பிடிக்கும்போது காட்டுப்பன்றி. இரண்டு ஏக்கர்க்காரன் ராத்திரிக் காவலுக்கு ஆள் போட்டால் அந்தக் கூலியே விளைச்சலைத் தின்றுவிடும்.

நான் பருத்தியைப் பாதியாகக் குறைத்துக் குதிரைவாலி போட்டேன். எங்கள் மதுரை வேளாண் கல்லூரி கொடுத்த எம்.டி.யு. 1 ரகம். மழை தவறினாலும் ஏதோ கொடுக்கிறது, நன்றாகக் காயவைத்தால் குலுக்கையில் (தானியக் குதிரில்) வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. காத்திருக்கிற சரக்கு என்று பேசுகிறீர்களே, அதில் முதல் இடம் சிறுதானியத்துக்குத்தான். உமி நீக்குகிற மெஷின் பக்கத்தில் இல்லாததால் தானியமாகவே விற்கிறோம், அரிசியாக விற்றால் கிடைக்கிற விலையில் பெரும்பங்கு உமி நீக்கி விற்பவருக்குப் போய்விடுகிறது. ஊர்க் குழுவுக்கு ஒரு மெஷின் வந்துவிட்டால் எங்கள் வாழ்க்கை மாறும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கிழக்குக்காடு (மேலூர்)

கரிசல்காட்டு அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. எங்களுக்கு ஒருபோகமாவது தண்ணீர் வருகிறது. உமி நீக்கும் மெஷினுக்கு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் மானியம் கேட்கலாம், வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மல்லித்தோட்டம் (உசிலம்பட்டி)

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. மொய்.

எங்கள் பக்கம் ஆவணியிலும் தையிலும் வாரத்துக்கு எத்தனை பத்திரிகை வருகிறது என்று சொல்ல முடியாது. கல்யாணம், காதுகுத்து, பூப்பு, புதுவீடு. தாய்மாமன் சீர் என்றால் கிடாயும் சேர்த்து. வெறுங்கையோடு போக முடியாது, போன தடவை அவர்கள் செய்த தொகை நோட்டில் இருக்கிறது, அதற்கு மேல் வைத்துத்தான் திருப்ப வேண்டும். கிழக்குக்காட்டு அக்கா ஐப்பசியில் கரும்பைக் கொடுத்ததும் அதற்குத்தானே?

ஊர்திரும்பி

மொய்யை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? ஊரில் தொடர்பு போய்விடுமா?

மல்லித்தோட்டம் (உசிலம்பட்டி)

நிறுத்தக் கூடாது தம்பி. மொய் கடன் இல்லை என்று சிலர் சொல்வார்கள், வெறும் கடன் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் வீட்டுக் கிணற்றை ஆழப்படுத்தியதே தம்பி மகன் காதுகுத்தில் வந்த பணத்தில்தான். வட்டி இல்லை, ஜாமீன் இல்லை. நாளைக்கு ஆஸ்பத்திரி என்றால் அந்த நோட்டில் இருக்கிற ஆட்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள். இரண்டு ஏக்கர்க்காரன் இதை விட்டுவிட்டு எங்கே போவான்?

நான் சொல்ல வந்தது, அதற்கும் வருஷத் திட்டத்தில் ஒரு இடம் வேண்டும் என்பதுதான். போன வருஷ நோட்டைப் பார்த்தால் இந்த வருஷம் யார் யாருக்குத் திருப்ப வேண்டியிருக்கும் என்று ஓரளவு தெரியும். எதிர்பாராத செலவு என்று அதைச் சொல்லக் கூடாது. நாங்கள் பால்காசிலிருந்து அதற்கென்று ஒதுக்குகிறோம்.

மடைவாய் (கள்ளந்திரி)

பால்காசு ஒதுங்குகிறதா உங்களுக்கு? எங்களுக்குத் தீவனத்துக்கே சரியாக இருக்கிறது.

மல்லித்தோட்டம் (உசிலம்பட்டி)

மூட்டைத் தீவனத்தை மட்டும் நம்பினால் ஒதுங்காது அண்ணே. 2023 டிசம்பரில் பால் சங்கத்தில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 35-லிருந்து 38 ஆனது. கொழுப்பும் இதரச் சத்தும் குறைந்தால் அதுவும் முழுசாக வராது. எங்களுக்குப் பசுந்தீவனம் சொந்தமாகவே. கம்பு நேப்பியர் புல் ஒரு பத்து சென்ட், வரப்பு நெடுக அகத்தி, வேலியில் சவுண்டல் மரம். புண்ணாக்கும் தவிடும் அளவோடு. வைக்கோலை அறுப்புக் காலத்திலேயே வாங்கிப் படப்புப் போட்டுவிடுவோம். சித்திரையில் வாங்கினால் அதே கட்டு எங்கேயோ நிற்கும். விற்கிற நாள் போலவே வாங்குகிற நாளும் நம் கையில் இருக்க வேண்டும் இல்லையா?

ஆட்டுக்கொட்டம் (திருமங்கலம்)

இந்தக் கடைசி வரி நல்ல வரி.

கடனைப் பற்றியும் ஒன்று. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. ஆடு, மாடு வளர்ப்பவர்களுக்கும் கிசான் கடன் அட்டையில் பராமரிப்புக் கடன் உண்டு. ஆனியில் கிடாய்க்குட்டியை விற்பதற்குப் பதில் இதை வாங்கித் தீபாவளியில் கட்டலாம். தவணை தாண்டினால் மட்டும் கணக்கு மாறிவிடும், தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். தெருவில் வாரவட்டிக்கு வாங்கினால் காத்திருந்து கிடைக்கிற லாபம் அப்படியே அங்கே போய்விடும்.

கிழக்குக்காடு (மேலூர்)

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் வைத்து உரக்கப் படித்தேன். வீட்டுக்காரரும் மாமியாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் முடிவுகளை எழுதுகிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள்.

ஆட்டில், கிடாயைப் பிரித்துக் கட்டியாகிவிட்டது. தொங்கு தராசு மேலூரில் வாங்கியாகிவிட்டது.

கரும்பில் முழுக்கக் காத்திருக்கப் பயமாக இருக்கிறது. பொங்கல் கரும்புக்கு ஒரே வாரம்தான் சந்தை, அதைத் தாண்டினால் மாட்டுக்குத்தான் வெட்டிப் போட வேண்டும். 2023 பொங்கலுக்கு முதலில் ரேஷன் தொகுப்பில் கரும்பு இல்லை என்று அறிவிப்பு வந்தது, விவசாயிகள் போராடிய பிறகுதான் சேர்த்தார்கள். இடைப்பட்ட அந்த நாட்களில் பயந்து குறைந்த விலைக்குப் பேசி முடித்தவர்கள் எங்கள் பக்கம் நிறைய. சித்திரையில் கரணை வைத்து, சோகை உரித்து, காற்றுக்குச் சாயாமல் முட்டுக் கொடுத்துக் கட்டி, ஒன்பது மாதம் பார்த்த பயிர் அது. அதனால் பாதியைக் கார்த்திகையில் பேசுவது, பாதியை மார்கழிக் கடைசி வரை வைத்திருப்பது என்று முடிவு.

நெல்லில்தான் குழப்பம். காயவைத்துக் காத்திருந்தால் விலை ஏறுமா?

மடைவாய் (கள்ளந்திரி)

நெல்லில் மாதக்கணக்கில் காத்திருந்து பெரிய லாபம் இல்லை தங்கச்சி. கொள்முதல் நிலையத்தில் விலை ஒன்றுதான். 2025 செப்டம்பரிலிருந்து சன்ன ரகம் குவிண்டால் 2,545, சாதாரண ரகம் 2,500. தையில் போட்டாலும் மாசியில் போட்டாலும் அதே விலை. உங்களுக்குத் தேவை மாதங்கள் இல்லை, நாலைந்து நாள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்குகிற வரைக்கும், உங்கள் முறை வருகிற வரைக்கும் நனையாமல் நெல்லை வைத்திருக்க முடிந்தால் போதும், வயலோரத்தில் கழிக்கிற காசு மிச்சம். சாப்பாட்டு நெல்லை மட்டும் இன்னும் நன்றாகக் காயவைத்து, நொச்சி இலை போட்டு, பலகைமேல் அடுக்குங்கள்.

களம் இல்லை என்பதுதான் உங்கள் பிரச்சனை. அதை முதலில் பாருங்கள்.

கரிசல்காடு (பேரையூர்)

ரோட்டில் மட்டும் காயப்போடாதீர்கள். ராத்திரி பைக்கில் வந்து குவியலில் ஏறி விழுந்தவர்களை எனக்குத் தெரியும். கல்லை வரிசையாக வைத்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள்.

கிழக்குக்காடு (மேலூர்)

ரோட்டில் போட மாட்டோம் அண்ணே.

ஊர்ப் பொதுக்களம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டிச் சிமெண்ட் தளம் போட்டுத்தரச் சொல்லி ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம், எங்கள் மடையில் உள்ள பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அது வருகிறவரை காத்திருக்க முடியாது. அடுத்தடுத்த வயல்காரர்கள் மூன்று குடும்பம் சேர்ந்து பெரிய தார்ப்பாய் இரண்டு வாங்குகிறோம், ஒன்று விரிக்க, ஒன்று மூட. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிற புல்பாத்தியை ஒட்டிய இடத்தைச் சமன் செய்து சாணி மெழுகிவிடுவதாகப் பேச்சு. அறுப்பு மெஷினை மூன்று வயலுக்கும் தொடர்ச்சியாகப் பேசுவோம், முதலில் யார் வயல் என்று சீட்டுப் போட்டுக்கொள்வோம்.

மடைவாய் அண்ணே, ஈரப்பதம் பார்க்கிற கருவி உங்கள் மடையில் இருப்பதாக முன்னொரு தடவை சொன்னீர்கள். அறுப்புச் சமயம் இரண்டு நாள் இரவல் கிடைக்குமா? பஸ்ஸில் வந்து நானே வாங்கிக்கொள்கிறேன்.

மடைவாய் (கள்ளந்திரி)

தாராளமாக. எங்கள் அறுப்பு முன்னால் முடிந்துவிடும். நீங்கள் வர வேண்டாம், மேலூர்ச் சந்தைக்கு வருகிற பையனிடம் கொடுத்துவிடுகிறேன். பேட்டரி மட்டும் புதிது போட்டுக்கொள்ளுங்கள், பழசு என்றால் ஒன்றிரண்டு புள்ளி தவறாகக் காட்டும்.